மாட்டுத் தொட்டிக்குள் லைடன் நகரம்

என் கணவர் நெதர்லாந்தில் லைடன் நகரத்தைச் சுற்றிப் பார்த்த அன்று, நானும் இண்டூரில் எங்கள் சமையலறைப் படியில் உட்கார்ந்து அதைச் சுற்றிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், அவருக்கு அங்கே காலை. மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டிப் பெண் முன்னால் நடக்க, ஒரு கூட்டம் அவள் பின்னால் போனது. அதில் ஒருவராக அவர், வீடியோ காலில் எங்களுக்குக் காட்டிக்கொண்டே நடந்தார்.

அது வெறும் வேடிக்கை அல்ல. அவர் வேலை பார்க்கும் அந்த ஊரில் கால்வாய்க் கரையில் ஒரு வீடு வாடகைக்கு அமைந்திருந்தது. வீடு இருந்தால்தான் நானும் இரண்டரை வயதுப் பையனும் அவரிடம் போய்ச் சேர முடியும். வீட்டுக்கார அம்மா அன்றைக்குள் பதில் கேட்டிருந்தார். இன்னொரு குடும்பம் காத்திருந்தது. நான் ஒரு வாரமாகச் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் நாளைக் கடத்தினேன். பையனுக்குக் குளிர் ஆகாது. இளைப்பு வந்தால் அங்கே யாரிடம் ஓடுவது? மாமியாருக்கு மூட்டுவலி, மாட்டை யார் பார்ப்பது? கடைசியில், ஊரைப் பார்த்தால் பயம் போய்விடும் என்று அவரே இந்தச் சுற்றுலா நடையில் சேர்ந்துவிட்டார்.

ஊர் அழகாகத்தான் இருந்தது. கால்வாயின் இருபுறமும் ஒல்லியான செங்கல் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கொக்கி. படிக்கட்டு குறுகல் என்பதால் கட்டில், பீரோவையெல்லாம் கயிறு கட்டி ஜன்னல் வழியாக இழுப்பார்களாம். மாமியார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பீரோவையே தூக்குறாங்களா? அப்ப என்னையும் அப்படியே தூக்கி உள்ள போடச் சொல்லு சாமி. நம்மால படி ஏற முடியாது."

"உனக்குக் கயிறு தாங்காதும்மா, கிரேன்தான் வரணும்."

"பேசுவடா நீ. வூட்டு வாசல்லயே இவ்ளோ தண்ணியா? அதுல கொஞ்சத்த நம்ம பக்கம் திருப்பிவுடச் சொல்லு."

அவர்கள் சிரித்தார்கள். நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல், சாலை, நிறுத்திய சைக்கிள்கள், அதற்கப்புறம் தண்ணீர். நடுவில் ஒரு கம்பிகூட இல்லை.

"என்னங்க, தடுப்பே இல்லையே. கொழந்தைங்க உழுந்துடாதா? அந்தம்மாகிட்ட கேளுங்க."

அவர் கேட்டார். வழிகாட்டி சிரித்தபடி சொன்ன பதிலை எனக்குச் சொன்னார். விழத்தான் செய்வார்களாம். அதனால் அங்கே குழந்தைகளுக்குச் சட்டை, பேண்ட், ஷூவோடு நீந்தவும் கற்றுக்கொடுப்பார்களாம். தண்ணீரில் தவறி விழுகிற யாரும் நீச்சல் உடை போட்டுக்கொண்டு விழுவதில்லையே. கூட்டம் சிரித்தது. ஷூ மாட்டிய என் பிள்ளையை யாரோ குளிர்ந்த தண்ணீரில் இறக்குவதாக எனக்குத் தோன்றியது. அவனை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

அவன் திமிறிக்கொண்டு திரையைத் தொட்டான். ஒரு படகு போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, போட்டு! ஏறு!"

"ஏறலாம்டா தங்கம். நீ வா, சேந்து ஏறலாம்."

கடைசியாகப் பழைய சிறு வீடுகள் சூழ்ந்த ஒரு முற்றத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே ஆட்கள் குடியிருப்பதால் சத்தம் கூடாது என்று வழிகாட்டி உதட்டில் விரல் வைத்தாள். அவர் முகத்தைப் போனுக்கு அருகே கொண்டுவந்து மெல்லக் கேட்டார்.

"முடியப் போவுது. வூட்டுக்காரம்மாவுக்கு என்னன்னு சொல்லட்டும்?"

"ஒரு நிமிஷம் இருங்க, பால் பொங்குது."

உண்மையிலேயே பொங்கியது. போனைப் பையன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அடுப்பைக் குறைத்தபடி நிற்கையில்தான் மனம் முடிவுக்கு வந்தது. போகலாம். அவனோடு நானும் ஷூ மாட்டிக்கொண்டு நீந்தக் கற்றுக்கொள்ளலாம். சரி என்று சொல்லத்தான் வெளியே வந்தேன்.

பையன் மாட்டுத் தொட்டியருகே நின்றிருந்தான். முழங்கை வரை நனைந்திருந்தது. கையில் போன் இல்லை.

"அப்பா போட்டு," என்று தொட்டிக்குள் காட்டினான்.

அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா என்றால் போன்தான். அப்பாவைப் படகில் ஏற்றிவிட்டான். அரிசி கழுவிய தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்தேன். திரை இருண்டிருந்தது.

துடைத்து அரிசிக்குள் புதைத்தேன். பக்கத்து வீட்டுப் போனை வாங்கலாம் என்றால் அவருடைய வெளிநாட்டு எண் எனக்கு மனப்பாடமில்லை. அவர் எப்போதும் அழைப்பது என் போனுக்குத்தான்; எண்ணும் அதற்குள்தான் இருந்தது. வீட்டின் இன்னொரு போன் மாமனாரோடு பாப்பாரப்பட்டிக்குப் போயிருந்தது. பொழுது சாயும்போதுதான் வந்தார்.

"என்னமோ வெளிநாட்டு நம்பரு, வுடாம அடிச்சுது. எவனோ ஏமாத்துறவன்னு நான் எடுக்கலம்மா."

அப்போதே மறுபடியும் அடித்தது. பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"நீ கட் பண்ணிட்டதும் புரிஞ்சுகிட்டேன். வேணாம்னு சொல்லிட்டேன். வுடு, பரவால்ல."

"இல்லங்க, நான் சரின்னு சொல்லத்தான் வந்தேன். போனு தண்ணியில..."

"சரி," என்றார். அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் பதில் சொல்லாதவளை எதை வைத்து நம்புவார்? பால் பொங்கியிருக்காவிட்டால் நான் உடனே சொல்லியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

அதற்குப் பிறகு வேறு வீடு அமையவில்லை. புதுப் போன் வாங்கியாகிவிட்டது. ஞாயிறு மதியம் அவர் அழைக்கும்போது பையனைத் திரைக்கு முன்னால் பிடித்து நிறுத்துகிறேன். அவன் பார்ப்பதில்லை. நழுவிப் போய்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "அப்பா, வா," என்கிறான்.

"எங்க அவன்?" என்று அவர் கேட்கிறார்.

"வெளையாடுறான்ங்க," என்கிறேன். போனை அந்தப் பக்கம் திருப்புவதில்லை.