குடும்ப நிலைமை: குறிப்பிட ஒன்றுமில்லை

தண்ணீர்ப் பம்புகள் செய்யும் ஒரு ஜப்பானியக் கொம்பனியின் லண்டன் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தேன். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் பொறியியல் முடிக்கும் பிள்ளைகளில் நல்லவர்களைத் தெரிந்தெடுத்து, ஜப்பானில் உள்ள தலைமையகத்துக்கு அனுப்பி, ஓய்வுபெறும் வயதுவரை அங்கேயே இருக்கவைப்பது என் பொறுப்பு. தெரிந்தெடுப்பதும் அனுப்புவதும் சுகம். இருக்கவைப்பதுதான் வேலை. கொம்பனி அதற்கு 'நீண்டகால வளர்ச்சி' என்று பெயர் வைத்திருந்தது. ஆட்கள் வளர்ந்தார்களோ தெரியாது, காலம் நீண்டது உண்மை.

புறப்படப்போகும் பிள்ளைகளுக்கு நான் ஒரு நாள் வகுப்பு எடுப்பேன். திரையில் காட்டுவதற்கு இருபத்திரண்டு பக்கங்கள் தயாரித்து வைத்திருந்தேன். எப்படிக் குனிவது, யாருக்கு முன்னால் யார் லிஃப்டில் ஏறுவது என்பதெல்லாம் எவரும் சொல்லித்தரக்கூடிய சங்கதிகள். என் சொந்தச் சரக்கு ஒன்பதாம் பக்கம்.

அது ஒரு படிவத்தைப் பற்றியது. தலைமையகத்தில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இப்போது செய்யும் வேலை, செய்ய விரும்பும் வேலை, விரும்பும் இடம். கடைசியாக இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம்: 'கவனத்தில் எடுக்கவேண்டிய குடும்ப நிலைமை'. அந்தப் படிவங்களை வைத்துக்கொண்டுதான் அடுத்த வசந்தத்தில் யாரை எங்கே மாற்றுவது என்று ஓர் அறைக்குள் முடிவெடுப்பார்கள். அந்த அறையில் நானும் சில முறை இருந்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் எழுத்து இருந்தால் படிவத்தைப் புரட்டும் கை ஒரு கணம் நிற்கும். பிறகு அந்தப் படிவம் வேறொரு கட்டுக்குப் போகும். அசைக்கக் கடினமான ஆள். அப்படிப்பட்டவருக்கு நல்ல வேலை தேடி வராது. இதை அங்கே எவரும் விதியாகச் சொன்னதில்லை. நான்தான் விதியாக எழுதினேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரே வரி: 'கடைசிக் கட்டத்தில், குறிப்பிட ஒன்றுமில்லை என்று எழுதுக.' பிள்ளைகள் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டு நன்றியும் சொன்னார்கள்.

அப்படிக் குறித்துக்கொண்டவர்களில் ஒருத்தி என் தங்கையின் மகள். அவளுடைய நேர்முகத் தேர்வில் நான் இருக்கவில்லை. உறவினர் என்பதால் விலகிக்கொள்கிறேன் என்று முறைப்படி எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். தேர்வுக்கு முதல்நாள் வால்தம்ஸ்டோவில் என் குசினி மேசையில் அவளை இருத்தி நாலு மணித்தியாலம் கேள்வி கேட்டேன். அதைத் தடுக்கும் விதி ஏதும் இருக்கவில்லை, தேடிப் பார்த்தேன். அவள் போய் ஆறு வருடம். இரண்டு தொழிற்சாலை மாறி, மூன்றாவதில் பம்பு வடிவமைக்கும் பிரிவுக்கு வந்துவிட்டாள். வெளிநாட்டுப் பிள்ளை அந்தப் பிரிவுக்குள் போவது லேசில்லை.

தங்கை கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், நாலாம் மாடியில் தனியாக இருக்கிறாள். கணவர் போய்விட்டார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் கிழமையில் இரண்டு நாள் ஓய்வெடுக்கும். நான் வேலையை விட்டு மூன்றாம் வருடம் அவளுக்கு நடுக்குவாதம் என்று சொன்னார்கள். கை நடுங்குவதைத்தான் எல்லோரும் அறிவார்கள். கால் நிற்பது அதைவிடக் கொடுமை. நடந்து வருகிறவள் ஒரு வாசலைக் கண்டதும் நின்றுவிடுவாள். தரை பாதங்களைப் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். வாசலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரியும், போக மட்டும் ஏலாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. சொன்னால் வேலையை விட்டிட்டு ஓடி வந்திடுவாள்."

"எத்தனை நாளைக்கு மறைக்கிறது?"

"நீங்கள்தானே அந்தக் கொம்பனிக்கு ஆள் பிடிச்சனீங்கள். ஒண்டும் இல்லையெண்டு எழுதச் சொல்லிக் குடுத்ததும் நீங்கள்தானே. அப்ப ஒண்டும் இல்லை."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

உடம்புக்கு ஏலாதவர்களுக்கு அரசாங்கம் தரும் பெனிபிட் பணத்துக்கு நான்தான் படிவம் நிரப்பினேன். நாற்பது பக்கமளவில் இருக்கும். இந்த நாட்டுப் படிவங்களுக்கும் எனக்கு ஒரு விதி உண்டு: எப்போதும் மிக மோசமான நாளை எழுது. நல்ல நாளை எழுதினால் நீ சுகதேகி. ஜப்பானியக் கட்டத்துக்கு ஒன்றும் எழுதாதே, ஆங்கிலக் கட்டத்துக்கு எல்லாவற்றையும் எழுது. இரண்டையும் ஒரே ஆள் சொல்லிக்கொடுக்கிறான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படிவத்தைப் பார்த்து அவளை நேரில் மதிப்பிட ஒரு பெண் வருவதாகக் கடிதம் வந்தது. அன்று எனக்குப் பல்லு வைத்தியரிடம் நேரம் குறித்திருந்ததால் போக முடியவில்லை. "உள்ளதைச் சொல்லு, ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லு" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனேன். மூன்று கிழமையில் மறுப்புக் கடிதம் வந்தது. மதிப்பீட்டு அறிக்கையின் முதல் வரி இது: விண்ணப்பதாரர் நன்றாக உடுத்தி, சிரித்த முகத்துடன் கதவைத் திறந்து, தேநீரும் சுடச்சுடச் சிற்றுண்டியும் தட்டில் ஏந்திவந்து பரிமாறினார்.

"ரோல்ஸ் பொரிச்சனியோ?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்த ஆளுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்காமல் விடுறதே?"

"அவள் விருந்துக்கு வரேல்லை. நீ தட்டுத் தூக்கிறியோ எண்டு பார்க்க வந்தவள்."

"ஒண்டையும் விழுத்தேல்லை அண்ணை!" பெருமையோடு சொன்னாள். "காலமை ஆறு மணிக்கே எழும்பி, மருந்தின்ர நேரத்தை மாத்தி, அந்த ஒரு மணித்தியாலத்துக்கு எல்லாம் சரியாய்ச் செய்தனான். நல்ல பிள்ளை அவள். ரெண்டாவது ரோலும் சாப்பிட்டவள்."

"ஏலாதெண்டு ஒண்டையும் சொல்லேல்லையோ?"

"முன்னப்பின்னத் தெரியாத ஆளிட்டை எப்பிடிச் சொல்லுறது?"

மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம் தருவார்கள். அந்தப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை மத்தியானம் மருமகள், அதுதான் தங்கையின் மகள், ஜப்பானிலிருந்து ஃபோன் எடுத்தாள். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்.

"மாமா, வாற வெள்ளி ஃபோம் குடுக்கவேணும். லண்டனில ஒரு டிசைன் இடம் வருதாம். ஐஞ்சு வருஷத்துக்கு ஒருக்காத்தான் வரும். விருப்பமான இடம் லண்டன் எண்டு இது நாலாந்தரம் எழுதுறன். கடைசிக் கட்டம் வழமைபோலத்தானே?"

நான் மேசையில் கிடந்த மறுபரிசீலனைப் படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"அம்மா ஓகேதானே மாமா?"

"ஓம்."

"வீடியோவில எப்பவும் சோபாவிலதான் இருக்கிறா. கையைப் போர்வைக்குள்ள வச்சிருக்கிறா."

"குளிர்," என்றேன். அக்டோபர் ஆரம்பம். நல்ல வெயில்.

ஃபோனை வைத்தபின் வெகுநேரம் குசினியிலேயே இருந்தேன். கட்டம் வெறுமையாக இருந்தால் லண்டனுக்கு வரக் காரணமில்லை என்று அந்த இடம் வேறு யாருக்கோ போகும், இவளை ஜப்பானில் இன்னும் வடக்கேயுள்ள தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். தங்கை இன்னும் ஐந்து வருடம் தாங்கமாட்டாள். எழுதினால் இவளுடைய கோப்பு மற்றக் கட்டுக்குப் போகும், ஆறு வருடம் பாடுபட்டுப் பிடித்த வேலை போய்விடும். சொன்னால் என் வாக்குப் போச்சு, சொல்லாவிட்டால் இவள் என்னை மன்னிக்கமாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் கட்டிய சுவரே முன்னால் நின்றது. அதில் ஒரு கதவு வைக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பார்க்கிங்குக்குப் போனேன். லிஃப்ட் அன்று ஓய்வில். நாலு மாடி ஏறி மணியை அடித்தேன்.

"வாறன் அண்ணை," என்று உள்ளிருந்து கேட்டது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி, "வாறன், வாறன்." ஆள் வரவில்லை. நான் குனிந்து கடிதம் போடும் துவாரத்தைத் தள்ளிப் பார்த்தேன். வீட்டின் உள்நடையின் மறுமுனையில், சோபா போட்டிருக்கும் அறையின் வாசலில், அவளுடைய செருப்பணிந்த இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. முன்னுக்கு வரப்போவதுபோல் குதிகள் எழும்புவதும் படிவதுமாக இருந்தன. பாதம் பெயரவில்லை.

"வீட்டைப் பூட்டுற திறப்பு ஒண்டு எனக்குத் தா எண்டு எத்தனைதரம் கேட்டனான்?"

"திறப்பைத் தந்தால் நான் நோயாளியெல்லோ."

"இப்ப என்னவாம்?"

"இப்ப கொஞ்சம் நிக்கிறன்."

அவள் அறைவாசலில் நிற்க, நான் வெளியே முழங்காலில் நின்றேன். மாடிப்படியில் இறங்கிய ஒரு பெடியன் என்னை ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டு போனான். முப்பத்தைந்து நிமிடம். பாட்டுக்கும் தாளத்துக்கும் கால் அசையும் என்று ஆஸ்பத்திரித் தாதி சொன்னது நினைவுக்கு வந்து, துவாரத்தில் வாயை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினான்காவதோ பதினைந்தாவதோ தரம் ஒரு கால் வந்தது. கதவைத் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ." நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டாவது வார்த்தை: "தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

வீட்டுக்கு வந்து மறுபரிசீலனைப் படிவத்தில் அதை அப்படியே எழுதினேன். செருப்பு, துவாரம், முப்பத்தைந்து நிமிடம். நான் எழுதிய படிவங்களிலேயே மிகைப்படுத்தாதது அதுதான். எழுதி முடித்த பக்கத்தைப் படமெடுத்து மருமகளுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி: 'கடைசிக் கட்டத்தில் ஒன்றுமில்லை என்று எழுதாதே.'

அன்றும் மறுநாளும் மறுமொழி இல்லை. வியாழன் மத்தியானம் எடுத்தாள். அழுது முடித்த குரல்.

"எத்தனை நாளா மாமா?"

"ரெண்டு வருஷம்."

"குளிரெண்டு சொன்னீங்கள்."

"ஓம்."

"நான் இஞ்ச புதுசா வாற பிள்ளையளுக்கு உங்கட ஒன்பதாம் பக்கத்தைத்தான் காட்டுறன், தெரியுமோ? படமெடுத்து ஃபோனில வச்சிருக்கிறன்." மூக்கை உறிஞ்சினாள். "எழுதிக் குடுத்திட்டன். சின்னக் கட்டம். தாய் தனிய, நாலாம் மாடி, வாசல் தாண்டமாட்டா. அவ்வளவுதான் கொள்ளும்."

"உன்ர பகுதித் தலைவர் என்ன சொன்னவர்?"

"கூப்பிட்டவர். ஃபோமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர். பிறகு கேட்டார், ஏன் முதலே எழுதேல்லையெண்டு. ஆறு வருஷமா ஒண்டுமில்லையெண்டு எழுதினீர், நாங்கள் அதை நம்பினோம் எண்டார்."

நம்பினார்கள். ரோல்ஸ் சாப்பிட்ட பெண்ணும் தங்கையை நம்பினாள். இரண்டு அலுவலகத்திலும் கள்ளத்தனம் ஏதும் நடக்கவில்லை. கள்ளத்தனம் எங்கள் பக்கம்தான் இருந்தது, அதையும் நாங்கள் மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த அறையில் ஒரு கணம் நின்ற கையைப் பற்றி நான் இத்தனை வருடமும் சொல்லிவந்த விளக்கம் சரியா என்று முதன்முறையாகச் சந்தேகம் வந்தது.

வசந்தத்தில் மாற்றப்பட்டியல் வந்தது. அவளுக்கு லண்டன் கிடைத்தது. வடிவமைப்பு இடம் வேறொருவருக்குப் போனது. இவளுக்குத் தந்தது வெளிநாட்டுப் பட்டதாரிகளைத் தெரிந்தெடுத்து நீண்டகாலத்துக்கு வளர்க்கும் பொறுப்பு. அதாவது என் பழைய நாற்காலி. என் சந்தேகத்துக்கு அது நல்ல மறுமொழி: நான் சொன்னதும் பொய்யில்லை. அவள் அது பற்றி என்னோடு பேசவில்லை. தன் பம்பு வரைபடச் சுருள்களை என் வீட்டு மேல்அறையில் கொண்டுவந்து வைத்தாள். தாயோடு இருக்கும் பார்க்கிங் வீட்டில் இடமில்லை என்றாள். அங்கே இடம் உண்டு.

பெனிபிட்டும் கிடைத்தது. வாக்கை மீறியதற்காகத் தங்கை என்னோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் மகளிடம் தன் வீட்டுத் திறப்பைக் கொடுத்தனுப்பினாள், கடித உறைக்குள், ஒரு வார்த்தை எழுதாமல்.

போன கிழமை மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். லிஃப்ட் வேலை செய்தது. அதன் வாசலில் தங்கை நின்றுவிட்டாள். மருமகள் உள்ளே ஏறி, மூடவரும் கதவுக்கு ஒரு காலைக் கொடுத்து நின்றாள். கதவு வந்து காலில் முட்டித் திரும்பிப் போனது. மறுபடி வந்தது. நான் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு யூனிவர்சிட்டியில என்ர முதல் வகுப்பு மாமா," என்றாள் மருமகள், காலை எடுக்காமல்.

"ஒன்பதாம் பக்கத்துக்கு என்ன செய்தனீ?"

"நிரப்புங்கோ எண்டு போட்டால் பிள்ளையள் என்னைமாதிரி ஆகிடுவினம். நிரப்பாதேங்கோ எண்டு போட்டால்..." தாயின் கால்களைப் பார்த்தாள். "ரெண்டையும் எழுதிப் பார்த்தன். ஏலாமல் அந்தப் பக்கத்தையே எடுத்திட்டன். எட்டுக்குப் பிறகு பத்து."

"யாரும் கேட்டால்?"

"நீங்கள் சொல்லுங்கோவன். உங்களுக்குத்தானே எல்லா நடைமுறையும் தெரியும்."

ஒரு நடைமுறையும் எனக்கு ஞாபகம் வரவில்லை. எண்ணிக்கை எதில் விட்டேன் என்பதும் மறந்துபோய், ஒன்றிலிருந்து தொடங்கினேன். கதவு வந்து அவளுடைய காலில் முட்டியது.

"நீ காலை எடு பிள்ளை, நோகும்," என்றாள் தங்கை, அசையாமல் நின்றபடி. "எனக்கு எல்லாம் ஏலும்."