எருத்தேன்பதிக்கு மேலே ஒற்றை இன்ஜினில்

கோவையில் கிளம்பிய விமானம் எருத்தேன்பதித் தென்னந்தோப்புகளுக்கு மேல் ஏறும்போது வலப்பக்கம் தடதடவென்று அதிர்கிறது. சட்டென்று அந்தச் சத்தம் அடங்குகிறது. ஓர் இன்ஜினை நிறுத்திவிட்டதாகவும், மற்றதை வைத்துத் திரும்பிப் போவதாகவும் பெண் கேப்டன் நிதானமாக அறிவிக்கிறார். பணிப்பெண்கள் ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்க்கிறார்கள்.

நான் என் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்து இறுக்குகிறேன். பக்கத்து இருக்கையில் இருப்பவர், கீழே தெரியும் அந்த ஊரின் விவசாயி.

"பயப்படாதீங்க. கெணத்து மோட்டார் இப்படி அதிர்ந்தா, இன்னும் ஒரு பாத்தி பாயட்டும்னு ஓடவுட்டு, உள்ள சுத்தியிருக்கற கம்பி, அந்தக் காயிலையே நான் எரிச்சுப்போடுவேனுங்க. இவங்க நேரத்துல நிறுத்திட்டாங்க."

அலுங்காமல் இறங்குகிறோம். வாசலில் நிற்கும் கேப்டன் எல்லோருடைய நன்றிக்கும் தலையசைக்கிறார். விவசாயி நின்று சொல்கிறார்:

"காயில் எரியறதுக்குள்ள நிறுத்திப்போட்டீங்க அம்முணி. என்ற கெணத்து மோட்டாருல எனக்கு இன்னும் அது கைவரலீங்க."

தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர், இதற்கு நிமிர்ந்து நின்று கை கொடுக்கிறார்.