தை பிறந்தா ஏறிரும்

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஒரு பெரிய நுழைவு வளைவு நிற்கிறது. உள்ளே பதினைந்து இருபது மாடி வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஓட்டுச் சரிவு, ஒரே மாதிரி கண்ணாடிக் கதவு வைத்த பால்கனி. அதில் ஒன்று என் அண்ணனுடையது. ஏலக்காய் விலை உச்சத்தில் இருந்த காலத்தில் வாங்கினார். அப்போது மேலே, கேரளப் பக்கம், அவருக்குத் தோட்டம் இருந்தது. வயதானபின் இறங்கி வந்து இங்கே காலை நீட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் மகன் கோயம்புத்தூரில் நிலைத்துவிட்டான். அண்ணிக்கு முழங்கால் தேய்ந்துபோனது. தோட்டத்தைக் கொடுத்துவிட்டு அவர்களும் மகனோடு போய்விட்டார்கள். வீட்டை விற்பதற்காகச் சாவி என்னிடம் வந்தது.

நான் போடியில் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு விற்கவும் தெரியாது, வாங்கவும் தெரியாது. அதனால் அண்ணனே ஒரு தரகரைப் பிடித்திருந்தார். நாற்பது வயதிருக்கும். முன்பு தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டுக்கு ஜீப் ஓட்டியவர். பிறகு வெள்ளைச் சட்டைக்கும் இரண்டு செல்போனுக்கும் மாறிவிட்டார். முதல் நாளே வாசலில் நின்று, கையை உயர்த்தி மலையைக் காட்டிச் சொன்னார்.

"இந்த மலை ஒண்ணு போதும் சார். தை பிறக்கட்டும். வெலை எங்க போய் நிக்கிதுன்னு பாருங்க."

தை பிறந்தது. பங்குனியும் வந்தது. ஆட்கள் வரும்போதெல்லாம் நான் முன்கூட்டியே போய்த் தூசி தட்டி, விளக்குகளைப் போட்டுவைப்பேன். அவர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, மலையைப் பின்னால் வைத்துப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். பக்கத்து வீடுகளின் கேட்டுகளில் 'விற்பனைக்கு' என்ற பலகைகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன. அதைப் பற்றித் தரகரிடம் கேட்டேன்.

"அது நல்லதுக்குத்தான் சார். பலகை தொங்குனாத்தான் இந்தப் பக்கம் நாலு பேரு வருவாக. மார்க்கெட்டு உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல விளக்கம் இருந்தது. ஏலக்காய் விலை ஏறினால், தோட்டக்காரர்கள் கையில் காசு புழங்குகிறது, வீடு வாங்குவார்கள். இறங்கினால், இனி எவனும் ஏலக்காயில் பணம் போட மாட்டான், வீட்டில்தான் போடுவான். ஊருக்கு மறுபடி ரயில் வந்துவிட்டதால் மதுரைக்காரன் வருவான். ஒரு மாதம் யாருமே வரவில்லை என்றால், பெரிய பார்ட்டிகள் இப்படித்தான் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வீடு விலை குறைகிறது என்று எந்தச் செய்தி சொன்னாலும் அது அவர் வாய்க்குள் போய் ஏறுகிறது என்று வெளியே வந்துவிடும்.

ஆடியில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவாய் வழியாக இறங்கும் ஆடிக் காற்று எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. பால்கனிக் கதவைத் திறந்ததுதான் தாமதம், கூடம் முழுக்க மண். மேல்மாடிக் கதவு ஒன்று வெடித்ததுபோல அறைந்து சாத்திக்கொண்டது. குழந்தை அழுதது. தரகர் முடியைக் கையால் அமுக்கிக்கொண்டே சொன்னார்:

"சென்னையில இந்தக் காத்துக்குக் கரண்டு பில்லு கட்றாகம்மா. இங்க சும்மா வருது."

அந்தம்மா முந்தானையால் குழந்தையின் முகத்தைத் துடைத்தபடி, "வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்" என்றார். கார் வளைவைத் தாண்டுமுன்பே தரகர் என் அண்ணனுக்குப் போன் போட்டார். "முதலாளி, பார்ட்டிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வீட்ல பேசிட்டுச் சொல்றோம்னுருக்காக."

அதை முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. வந்தவர்கள் வாசலில் மரியாதைக்குச் சொன்ன வார்த்தைதான். அதிலிருந்த மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டு வார்த்தையை மட்டும் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்.

அதன்பின் வந்தவர்கள் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரும் அவர் மனைவியும். இவர்கள் படமெடுக்கவில்லை. அந்தம்மா ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்தார், சித்திரையில் போர்வெல்லில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டார். தரகர் டாக்டரைப் பால்கனிக்கு அழைத்துப் போயிருந்த நேரம், சமையலறையில் அந்தம்மா என்னிடம் திரும்பினார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. உங்க கைக்காசைப் போட்டு நீங்க இதை வாங்குவீங்களா?"

அண்ணன் வீடு. ஆனால் அந்தம்மா கேட்ட விதத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இந்த வெலைக்கு வாங்க மாட்டேம்மா. கொறைச்சுக் குடுத்தா, குடியிருக்கணும்னு வாங்குவேன். நாளைக்கு ஏறும்னு நம்பி வாங்க மாட்டேன்."

அவர் தலையாட்டினார். நிமிர்ந்தபோது தரகர் கதவருகே நின்றிருந்தார். கேட்டுவிட்டார் என்று முகம் சொன்னது. போகும்முன் டாக்டர் ஒரு விலை சொன்னார். அண்ணன் கேட்டதைவிட நன்றாகவே குறைவு. ஆனால் உடனே தரத் தயார் என்றார்.

தரகர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னை மலையடிவாரத்து முந்தலில் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"நீங்க சொன்னது சரிதான் சார். நாஞ் சொல்றது நெசமில்லன்னு எனக்கே தெரியாதா? ஆனா இறங்குதுன்னு நாளைக்கு ஒங்கண்ணன்ட்ட நாஞ் சொன்னா என்ன செய்வாரு?"

"யோசிப்பாரு."

"வேற ஆளப் பாப்பாரு. ஏறும்னு சொல்ற ஆளா பாப்பாரு. இதுக்கு முன்னாடி ரெண்டு பேர மாத்திட்டுத்தான் எங்கிட்ட வந்துருக்காரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அன்று மாலையே அண்ணனுக்குப் போன் செய்தேன். டாக்டர் சொன்ன விலையைச் சொல்லி, "குடுத்துரலாம்ணே. இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன்.

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "யாரு சொல்றா?"

"நாந்தாண்ணே சொல்றேன். வாரம் வாரம் பாக்குறேன்ல."

"புரோக்கர் அப்படிச் சொல்லலையே தம்பி. நீ ஏன் இம்புட்டு அவசரப்படுற?" தொடர்ந்து, "உனக்கு அந்த வீடு வேணும்னா நேராக் கேளு. இப்படிச் சுத்தி வளைக்க வேணாம்" என்றார்.

காது சுட்டது. என்னிடம் அந்த வீட்டை வாங்க வசதியும் இல்லை, ஆசையும் இல்லை. ஐம்பது வயதில், கூடப்பிறந்தவரிடம் அதை நிரூபிக்க வேண்டிய நிலை வருமென்று நினைத்ததில்லை. "அப்படியெல்லாம் இல்லண்ணே" என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வரும் அவருடைய போன் அதற்குப் பிறகு வரவில்லை. என் மனைவி இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சாவிய அனுப்பி வச்சிருங்க. நமக்கெதுக்கு இந்தச் சோலி" என்றாள். அனுப்பினால் சந்தேகம் உறுதியாகிவிடும் என்று பட்டது. வைத்துக்கொண்டேன். அப்போதும் சந்தேகம் குறையவில்லை.

அந்த மாதங்களில் நான் அதிகம் யோசித்தது தரகரைப் பற்றி அல்ல. அண்ணன் ஒன்றும் ஏமாளி இல்லை. ஏலக்காயைக் கையில் அள்ளினாலே தரம் சொல்லிவிடுவார். எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்தவர். அவர் எப்படி இந்தப் பேச்சை நம்புகிறார்? நம்பவில்லை, அதைக் கேட்க விரும்புகிறார் என்று மெல்லப் புரிந்தது. அந்த வீட்டை வாங்கியது பிழை இல்லை என்று யாராவது வாரம் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. தரகர் சொன்னார். நான் சொல்லவில்லை.

அடுத்த வைகாசியில் தேவாரத்தில் ஒரு உறவுக் கல்யாணம். அண்ணன் தனியாக வந்தார். எங்கள் வீட்டில் தங்காமல் சாவியை வாங்கிக்கொண்டு அங்கே போய்ப் படுத்தார். எனக்கு வருத்தம்தான். மறுநாள் காலை பலகாரம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வெளியிலிருந்து வேகமாக நடந்து வந்தார். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு.

"உக்காருடா. ஒரு கூத்து நடந்துச்சு."

காலாற நடந்திருக்கிறார். கடைசி வரிசையில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்த வேறொரு தரகர், இவரை வாங்க வந்தவர் என்று நினைத்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். அண்ணனுடைய வீட்டைவிடப் பெரியது, பின்னால் தோட்டம் வேறு. விலையோ அண்ணன் கேட்பதைவிடக் குறைவு.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? யோசிக்கவே இல்ல. டக்குன்னு சொல்லிட்டேன், 'ஆளே குடியில்லாத எடம், ஆடிக்காத்து வேற, இதுக்கு இந்த வெலையா'ன்னு. அவன் தை பிறந்தா ஏறிரும்ங்கிறான். 'ஏறட்டும், நான் அப்ப வந்து பாத்துக்கிறேன்'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லிச் சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். இட்லியைப் பிய்த்து வாயில் வைக்காமல் சற்று நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டை ஊசி வளைவில் தோட்டத்து ஜீப்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

"அந்த டாக்டர் இன்னும் கேப்பாரா?" என்றார்.

விசாரித்தேன். டாக்டர் தேனியில் வேறு வீடு வாங்கிக் குடியேறியிருந்தார்.

அண்ணன் விலையைக் குறைத்தார். பிறகு இன்னொரு முறையும் குறைத்தார். கடைசியில், சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை விடும் தொழில் செய்யும் ஒருவர் வாங்கினார், டாக்டர் சொன்னதைவிடக் குறைவுக்கு. பத்திரப் பதிவு முடிந்து வெளியே வந்ததும் தரகர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல நேரத்துல தள்ளிட்டீக முதலாளி. இனிமேத்தான் விழுகப்போகுது பாருங்க."

விழும் என்று அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். குறைத்து விற்றுவிட்டு நிற்பவருக்கு அந்த நேரத்தில் எது ஆறுதலோ அதைச் சொன்னார். அண்ணனும் அதைக் கேட்டு உண்மையிலேயே கொஞ்சம் நிமிர்ந்தார். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த எரிச்சலில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது, இருக்கட்டும்.

அன்று அண்ணன் எங்கள் வீட்டில் தங்கினார். அந்தப் பழைய போன் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது என் மனைவியிடம், "இவன் சின்ன வயசுலருந்தே இப்படித்தாம்மா. கேட்டா உள்ளதச் சொல்லிருவான். அதனாலயே இவங்கிட்ட எதுவும் கேக்குறதுக்குப் பயம்" என்றார். அவள் துண்டை நீட்டினாள். அவர் துடைத்துக்கொண்டு போய்க் கட்டிலில் சாய்ந்தார்.

மறு ஞாயிறு போன் வந்தது. அண்ணி முழங்கால், பேத்தியின் பள்ளிக்கூடம், கோயம்புத்தூர் வெயில் என்று நெடுநேரம் பேசினோம்.