அக்கா பார்க்காத கடைசிக் காட்சி

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் அக்காவைப் பார்க்க வேலணையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். வாத்தியார். சாதகம் பொருந்திவிட்டது. அக்கா 'ஓம்' என்றால் கல்யாணம்.

நான் இந்த வாரம் பத்திரிகைக்கு எழுத வைத்திருந்ததோ ஒரு படத்தைப் பற்றி. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அதுதான் குழப்பம்!

படத்தில் கணவன் கைநீட்டி அடிக்கிறான். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறாள். தையல் மெஷின் மிதித்துப் பிழைக்கிறாள். ஒருநாள் அவன் வந்து கதவைத் தட்டுகிறான்...

பட்டணத்துத் தியேட்டரில் அந்த இடத்தில் நானும் அக்காவும் எழும்பிவிட்டோம். நயினாதீவு ஆட்களுக்கு வேறு வழி ஏது? மாட்னி முடியும்வரை இருந்தால் குறிகாட்டுவான் துறைக்குப் போகும் பஸ் போய்விடும். பஸ் போனால் தீவுக்குக் கடைசி வள்ளமும் போய்விடும். நாங்கள் வரிசையாக எழும்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "தீவார் எழும்பீட்டினம், படம் முடியப்போகுது!"

வேலணைக்காரருக்குக் கடல் கடக்கும் கவலை இல்லை. மாப்பிள்ளை முழுப் படமும் பார்த்திருக்கிறார்.

விறாந்தையில் கதிரை போட்டு இருவரையும் பேச விட்டார்கள். காவலுக்கு நான். இருவரும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்குமா? அந்தப் படம் எப்படி என்று கேட்டுவைத்தேன்.

"நல்ல படம்," என்றாள் அக்கா.

"எனக்கும் நல்லாப் பிடிச்சுது," என்றார் மாப்பிள்ளை.

குசினிக்குள் அம்மா சந்தோஷத்தில் எதையோ தட்டிக் கொட்டிய சத்தம் கேட்டது.

"அதுவும் அந்த முடிவு!" என்று அவர் உற்சாகமானார். "காலிலை விழுந்து அழுகிற இடம்... தியேட்டரே அழுதது."

"ஆர் விழுந்தது? அவனோ?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லை, அவள்தான்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அடிச்சவன் நிக்கிறான், அடி வாங்கினவள் விழுகிறாள். அதுவோ உங்களுக்குப் பிடிச்சது?"

"நீர்தானே நல்ல படம் எண்டு சொன்னனீர்?"

"நான் பாத்த படம் நல்ல படம். அவன் கதவைத் தட்டின இடத்திலை நாங்கள் வள்ளத்துக்கு எழும்பீட்டம்."

ஒரே தியேட்டர், ஒரே படம். இவர்கள் பார்த்தது ஒன்றா, இரண்டா?

மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி... நான் திரும்பப் படத்துக்குப் போறன். நீர் எழும்பின இடத்திலை நானும் எழும்பிறன்."

"ஏன் எழும்ப வேணும்? இருந்து பாத்திட்டு, பிழையெண்டால் பிழை எண்டு சொல்ல ஏலாதோ?"

சமாளிப்பார் என்று பார்த்தேன். அவர் சமாளிக்கவில்லை.

"எனக்கு அழுகை வந்தது. அதுக்கு மேலை நான் யோசிக்கேல்லை," என்றார் மெதுவாக. "யோசிச்சுப்போட்டு வந்து சொல்லலாமோ?"

"வாங்கோ. நானும் பட்டணத்திலை சித்தி வீட்டை நிண்டு முழுசாப் பாக்கிறன். பிறகு கதைப்பம்."

அவர் போனதும் அம்மா ஓடி வந்தார்.

"என்னடா, ஓமாமோ?"

வாராவாரம் எத்தனை படங்களுக்கு நான் தீர்ப்பு எழுதுகிறேன்! இதற்கு ஒரு வரி வரவில்லையே... வாங்கோ என்றால் ஓமா? பிறகு கதைப்பம் என்றால் இல்லையா?

"வரச் சொல்லியிருக்கிறா, அம்மா," என்றேன். அம்மாவுக்கு அது போதும்.

அம்மா கல்யாணத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். அக்கா இன்னும் படமே பார்த்து முடிக்கவில்லை!