என் பேரில் ஒன்றும் வரவில்லை

அனகாபுத்தூரில் நாங்கள் இருந்த வீடு ஆற்றை ஒட்டிய சந்தில். போன மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்து கட்டில் உயரத்துக்கு நின்றது. இந்த மழைக்கு முன்னால் மாடி வீடு ஒன்று பார்த்துப் போய்விட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு. திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் போல்ட் பேக்கிங் செய்கிறேன். வெளியே வானம் கொஞ்சம் கறுத்தாலும் கை நின்றுவிடும். எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன். சூப்பர்வைசர் திட்டுவார்.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர்தான் குரோம்பேட்டையில் ஒரு மாடி போர்ஷன் கண்டுபிடித்தார். ஓனர் ரிட்டயர் ஆன சார். கீழே அவரும் அவர் மனைவியும். அவர்களுக்கு எங்களைப் பிடித்துத்தான் இருந்தது. ஆதார் ஜெராக்ஸ் கேட்டார். பெங்களூரில் இருக்கும் மகன் ஏதோ ஆப்பில் போட்டுப் பார்ப்பானாம்.

"எல்லாருக்கும் பண்றதுதாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

மறுநாள் போன் செய்தார். என் வீட்டுக்காரர் பேரில் அடிதடி கேஸ் ஒன்று காட்டுகிறதாம்.

அவர் பேர் சாமி பேர். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பேர்தான். இன்ஷியலும் எல்லாருக்கும் இருக்கிற இன்ஷியல். கேஸ்காரனுக்கும் அதே பேர், அதே இன்ஷியல். அப்பா பேர் என்ன, எந்த ஊர் என்று ஆப்பில் வரவில்லை.

அவரிடம் சொன்னேன். வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"எவனோ அடிச்சிகினதுக்கு நான் இன்னாமே பண்றது?"

"ஸ்டேஷன்ல கேஸ் இல்லன்னு எழுதி வாங்கிக் குடுத்துடலாம்யா."

"செய்யாததுக்கு நான் அங்க போய் நிக்கணுமா? போலீஸ்காரன் விசாரிக்க இந்தச் சந்துக்கு வருவான். அப்புறம் இந்த வூட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. வண்டியிலதான் படுக்கணும்."

அதுவும் சரிதான். பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்ததற்கே எதிர்வீட்டுக்காரரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. வீட்டில் பாதிச் சாமானை மூட்டை கட்டி வைத்திருந்தேன். சமைக்க ஒரு பாத்திரம் வேண்டுமென்றால் ஒரு மூட்டையைப் பிரிக்க வேண்டும். பிரிப்பேன், திரும்பக் கட்டுவேன். தூறல் போட்ட அன்று வேலைக்குப் போகவில்லை. நேராகக் குரோம்பேட்டைக்குப் போய்விட்டேன்.

சார் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"அது அவர் இல்ல சார்."

"நான் நம்பறேம்மா. என் பையன்தான், எதுக்குப்பா ரிஸ்க்குங்கறான்."

உள்ளே இருந்து அவர் மனைவி வந்தார். "அவர் பேர்ல வந்தா என்ன? இந்தப் பொண்ணு பேர்ல அக்ரிமெண்ட் போடுங்களேன். வாசல் தெளிக்கப் போறது இவதானே."

சார் மகனுக்குப் போன் போட்டு என் பேரைச் சொன்னார். ஸ்பீக்கரில் வைத்தார். நான் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றேன். எனக்கு என்ன கேஸ் இருக்கப் போகிறது?

"ஒண்ணுமே வரலப்பா. கேஸும் இல்ல, வேற எதுவும் இல்ல. இப்படி ஒரு ஆள் இருக்கற மாதிரியே தெரியல. ஓகே, போட்டுடுங்க."

சார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கையெழுத்துப் போட்டேன். ரேஷன் கடை தவிர நான் கையெழுத்துப் போட்டது அதுதான்.

சாமான் ஏற்றும்போது என் வீட்டுக்காரர் கேட்டார். "ஓனரம்மா, நான் உள்ள வரலாமா? வாடகைக்கு எடம் குடுப்பியா?"

"கேஸ் இருக்கா?" என்றேன்.

"எந்தக் கேஸக் கேக்குறமே? என் பேர்ல அஞ்சாறு கீது."

சிரித்துக்கொண்டேதான் பீரோவைத் தூக்கினார். ஆனால் தினமும் வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வருகிறார். கேட் சத்தம் கேட்டால் சார் கதவைத் திறந்து பார்ப்பார். இவர் தலையாட்டுவார். சாரும் தலையாட்டுவார்.

மழை வந்தது. மாடிக்குத் தண்ணீர் வரவில்லை.

அந்த இன்னொரு ஆள் எங்கே இருக்கிறானோ. பஸ்ஸில் யாராவது அந்தப் பேரைக் கூப்பிட்டால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.