மைதாப் பசை ஒட்டிய படப் புத்தகம்

என் மகளுக்கு இரண்டரை வயதிருக்கும்போது, என் கணவர் தி.நகரிலிருந்து ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தார். பக்கத்துக்கு ஒரு படம்; மேலே தமிழில் ஒரு வரி, கீழே அதையே இங்கிலீஷில் ஒரு வரி. தேர், தெப்பம், கொலு, பொங்கல் பானை என்று எல்லாம் நம் வீட்டுச் சமாசாரம். "நம்ம விஷயமும் தெரியட்டும், இங்கிலீஷும் வரட்டும்" என்றார். எழுபதுகளின் தொடக்கம் அது. மந்தைவெளியில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் அப்படிப் புத்தகம் கிடையாது.

எனக்கு இங்கிலீஷ் மட்டும் போதும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வேலைக்கு இன்டர்வியூ போய், கேட்ட கேள்விக்கு இங்கிலீஷில் பதில் வராமல் திருதிருவென்று விழித்து, நாலு பேர் சிரிக்கத் திரும்பி வந்தவள் நான். என் பெண்ணுக்கு அந்தக் கதி வரக் கூடாது, சாந்தோமில் கான்வென்ட்டில் சேர்த்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். மைதாப் பசை காய்ச்சினேன். பழைய காலண்டர் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, தமிழ் வரி ஒவ்வொன்றையும் மறைத்து ஒட்டினேன். புத்தி போன போக்கைப் பாருங்கள்!

தினமும் மத்தியானம் மடியில் உட்காரவைத்துப் படிப்பேன். படத்தில் விரல் வைத்து "தேர்" என்றால் தொடையில் ஒரு கிள்ளு. "சேரியட் சொல்லு." "அம்மா" என்றாலும் கிள்ளு, "மம்மி" என்றால் பிஸ்கட்.

பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் குழாயடியிலிருந்து கத்துவாள்: "இன்னாம்மா இது, பச்சப் புள்ள வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கினு கீற? அத்த கிள்ளாத, சொல்லிட்டேன்!"

"உன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுவேன். நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், குழந்தை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடிவிடும். அங்கே குசுகுசுவென்று தமிழில் கதை நடக்கும். நான் போய் நின்றதும் பேச்சு நின்றுவிடும்.

அடுத்த வருடம் கான்வென்ட்டில் இன்டர்வியூ. குழந்தை கையில் வைத்திருந்த அந்தப் புத்தகத்தையே சிஸ்டர் வாங்கிப் பிரித்தார். இங்கிலீஷில் கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில். எனக்குத் தலைகால் புரியவில்லை. தேர்ப் பக்கம் வந்தபோது சிஸ்டர் ஒட்டுத்தாளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நல்ல தமிழில், "கண்ணு, இதைத் தமிழ்ல என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தொடையைப் பொத்திக்கொண்டாள்.

"சும்மா சொல்லும்மா."

"சொன்னா மம்மி கிள்ளும்."

சிஸ்டர் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேலியே பயிரை மேய்ந்ததை மூன்றரை வயதுக் குழந்தை சொல்லிவிட்டது. நான் வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனேன். இடம் என்னவோ கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணி வைத்து எல்லாத் தாளையும் உரித்தேன். அவளை மடியில் இழுத்து, "தேர்னு சொல்லுடி செல்லம், அம்மா கிள்ள மாட்டேன்" என்று கெஞ்சினேன்.

"சேரியட், மம்மி" என்றாள்.

இப்போது அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பாவிடம், காய்காரியிடம், தன் பிள்ளைகளிடம் எல்லாம் வாய் ஓயாமல் தமிழில்தான் பேசுகிறாள். நான் வந்து நின்றால் இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறாள்.