மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன்

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்திலிருந்து பள்ளிக்கு நடந்துபோய் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்; அப்போது அதுதான் பள்ளி இறுதி வகுப்பு. எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஆங்கிலம் பேச ஆளில்லை. பழைய பேப்பர் கடையில் அட்டை பிய்ந்த அகராதி ஒன்று கிடைத்தது. அதிலிருந்து தினமும் ஐந்து சொற்களைப் பொருளோடு எழுதிக்கொள்வேன். எழுதுவதற்கு, தறியில் டிசைனுக்குப் போட்டுத் தேய்ந்த, வரிசையாக ஓட்டை குத்திய ஜக்கார்டு அட்டைகள். ஓட்டைகளுக்கு நடுவே எழுத்தை நெருக்கி நெருக்கி எழுத வேண்டும்.

ஒருநாள் ஆங்கில ஆசிரியர் கரும்பலகையில் 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்று எழுதி, "அக்கறை இல்லாதவர்" என்று பொருள் சொன்னார். பிறகு எங்கள் பெஞ்சைக் காட்டி, "உதாரணம் வேணுமா? தறிக்காரப் பிள்ளைங்க" என்றார். வகுப்பே சிரித்தது.

முந்தைய வாரம்தான் அந்தச் சொல்லை எழுதியிருந்தேன். எழுந்துவிட்டேன்.

"சார், அதுக்குப் பாரபட்சம் பார்க்காதவங்கன்னு அர்த்தம். நீங்க சொல்றது அன்இன்ட்ரஸ்டட். நாங்க அதுவும் இல்ல, சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "எனக்கே பாடம் எடுக்கிறியா? அப்பாவோட வந்து மன்னிப்புக் கடிதம் குடு. அதுவரைக்கும் வகுப்புக்கு வராதே!"

பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அம்மா அழுதார். "ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயேம்மா. எதுக்கு வம்பு வளர்த்துக்கினு இருக்கே?"

"தப்பு பண்ணலம்மா. எழுத மாட்டேன்."

மறுநாள் காலை அப்பா தறியில் உட்காராமல், சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

தலைமையாசிரியர் அறையில் அந்த ஆசிரியரும் இருந்தார். நடந்ததைச் சொல்லி, நான் திமிர் பிடித்தவள் என்றார். அப்பா கைகட்டித்தான் நின்றார். ஆனால் குரல் நடுங்கவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, சார். என் பொண்ணு சொன்னது தப்பான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. தப்புன்னா நானே மன்னிப்பு கேக்கறேன். சரின்னா அவ எதுக்கு எழுதணும்?"

தலைமையாசிரியர் அலமாரியிலிருந்து பெரிய அகராதியை எடுத்தார். பக்கத்தைத் தேடிப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அதை ஆசிரியர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ க்ளாஸுக்குப் போம்மா."

அவ்வளவுதான். பாராட்டும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆசிரியர் தேர்வு வரைக்கும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் முன் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தேன்.

அன்று தலைமையாசிரியர் அறையிலிருந்து வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "ஆமா, அது இன்னா வார்த்தைமா? இன்னா அர்த்தம்?"

"ஆளைப் பார்த்துப் பேசாம, எல்லாரையும் ஒண்ணா பார்க்கறவங்கன்னு அர்த்தம்பா."

"அப்ப அந்த வாத்தியாருக்கு அது பொருந்தாதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, தறி காத்திருக்கிறதென்று வேகமாக நடந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில், எத்தனையோ பெரிய மனிதர்கள் முன்னால் "இது தவறு" என்று சொல்லியிருக்கிறேன். என்ன சொல் என்றே தெரியாமல் என் பக்கம் நின்ற ஒரு மனிதரின் மகள், பொருள் தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.